கட்டுரையில் வந்த சித்தி

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு உங்கள் தங்கையின் கணவர், அதாவது என் கணவர், உங்கள் தங்கை மகள் வாண்டு, நான் ஆகிய மூவரும் நலமாக இருக்கிறோம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் பதினோரு வருடத்தில் நான் போட்ட நான்கு வாழ்த்து அட்டைகளுக்கும் பதில் வராததால், நம்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை முதலில் 'மேடம்' என்று தொடங்கினேன். படித்தபோது பல்பு எரியவில்லை என்று மின்சார ஆபீசுக்கு எழுதியது போல இருந்தது. கிழித்துவிட்டு 'அக்கா' என்று போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மீதியைத் தயவுசெய்து படிக்கவும்.

என்னைத் தங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் தெரியும். கல்யாணமான மறுவாரம் நீங்கள் வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, 'என் தங்கச்சி பாத்திரத்துல நீ சமைக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். இன்று வரை ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை. அதைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. நான் யார் என்று ஞாபகம் வரட்டும் என்றுதான். மற்றபடி நான் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறேன். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பதினாறு வருடமாக அதை மிதித்து மிதித்து, பயம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இந்த ஒரு வருடத்தில் வாண்டுவின் மேற்படிப்புக்காக நான் அழுத்திய தரைகளைப் பற்றித்தான் தங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வாண்டு என்று நீங்கள் வைத்த பெயரைத்தான் இன்னும் கூப்பிடுகிறோம். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அப்பாவைவிட அரை அடி உயரம். போன வருடம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, 'நான் வெளிநாட்டுல போய் மண்ணைப் பத்திப் படிக்கப் போறேன்' என்றாள். அவள் அப்பா நிமிர்ந்து, 'மண்ணு இங்கயே இருக்கேம்மா' என்றார். அதுதான் இந்த விஷயத்தில் அவர் சொன்ன மிக நீளமான கருத்து. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர் என்பதாலோ என்னவோ, எதைக் கேட்டாலும் 'பார்ப்போம்' என்பார். எந்த நாடு என்று கேட்டால் பார்ப்போம். எந்தக் கல்லூரி என்று கேட்டால் பார்ப்போம். சரி, ஒருத்தராவது ஓட்டணுமே என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

முதலில் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி என்று ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது, போனோம். வரிசையாக மேசை, மேசைக்கு ஒரு கொடி, கொடிக்குக் கீழே சிரித்த முகத்தோடு ஒரு ஆள். எந்த மேசைப் பக்கம் போனாலும் ஒரு துணிப்பையும் ஒரு விண்ணப்பப் பாரமும் கொடுத்தார்கள். வாண்டு மண் படிப்பு எங்கே என்று தேடிப் போய்விட்டாள், நான் பொறுப்பாக ஒவ்வொரு பாரமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். ஒன்பது பை சேர்ந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மாணவர் பெயர் என்ற இடத்தில் எல்லாம் என் பெயரை எழுதியிருக்கேன்! அதிலேருந்து எனக்குப் போன் வர ஆரம்பிச்சது அக்கா. ஒரு நாள் பல் டாக்டர் ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன், நாலு முனைச் சந்திப்பு, எதிர்ல லாரி. ஒரு பொண்ணு இனிமையான குரல்ல, 'உங்கள் எதிர்காலத் திட்டம் என்ன?' அப்படின்னு கேக்குது. 'இந்தத் திருப்பத்துல உயிரோட திரும்பறதுதாம்மா' அப்படின்னேன். விடலையே. போன மாசம் ஒரு கல்லூரியிலேருந்து எனக்குக் கால்நடைப் பராமரிப்பு படிக்க இடம் கிடைச்சிருக்குன்னு கடிதமே வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் அதை மூணு தடவை படிச்சுட்டு, 'போறியா?' ன்னு கேட்டார். அவர் கிண்டல் பண்றாரா நெஜமாவே கேக்கறாரான்னு எனக்கு இன்னும் தெரியலை.

அப்புறம் ஒரு ஆலோசகரைப் பிடிச்சோம். மருந்துக் கடைக்கு மாடியில ஆபீஸ், சுவர் முழுக்க உலகப் படம், கழுத்துல டை. 'எந்த நாடும்மா?' ன்னு காபியா டீயாங்கற மாதிரி கேட்டார். வாண்டு மண்ணைப் பத்திப் படிக்கணும்னு சொன்னா. 'மண்ணா? மண்ணுல என்னம்மா இருக்கு?' 'எல்லாமே அதுலதான் சார் இருக்கு' ன்னா இவ. அவர் பெருமூச்சு விட்டுட்டு மூணு வழி சொன்னார். ஒண்ணு, நீங்க இருக்கற நாடு. நல்ல கல்லூரி, ஆனா தங்கற செலவு தாங்காது, சொந்தக்காரங்க யாராவது இருந்தா யோசிக்கலாம்னார். இன்னொண்ணு ஒரு தீவு நாடு, அங்க உதவித்தொகை கொடுத்தா மட்டும் போக முடியும். மூணாவது நாட்டுல ஃபீஸே இல்லையாம், ஆனா பாடம் எல்லாம் அவங்க மொழியிலதானாம். அந்த மொழியை இவ அன்னிக்கே படிக்க ஆரம்பிச்சுட்டா. வீடு முழுக்க சாமானுக்குச் சாமான் சீட்டு எழுதி ஒட்டினா. அந்த மொழியில மேசை ஆம்பளையாம், கதவு பொம்பளையாம், கத்தி ரெண்டும் இல்லையாம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் கதவை மரியாதையா சாத்தினார்.

சொந்தக்காரங்க இருந்தா யோசிக்கலாம்னு அவர் சொன்னதும் நான் வாண்டு முகத்தைப் பார்த்தேன். 'அந்த நாடு வேணாம் சார், எனக்குக் குளிர் ஒத்துக்காது' ன்னு பட்டுன்னு சொல்லிட்டா. மழை காலத்துலயும் ஃபேனை முழு வேகத்துல வச்சுட்டுத் தூங்கற பொண்ணு அக்கா அவ. எனக்கு ஒண்ணும் புரியலை. உங்களைப் பார்த்தா அம்மா ஞாபகம் வந்துடும்னு பயப்படறாளோன்னு நினைச்சுக்கிட்டேன். கேக்கலை. அவ அம்மா சம்பந்தப்பட்டதை அவளா சொன்னா ஒழிய நான் கேக்கறதில்லை.

சரி, தீவு நாட்டுக்குப் போடலாம்னு முடிவாச்சு. உதவித்தொகைக்கு, நீ ஏன் படிக்க வர்றேன்னு ரெண்டு பக்கம் கட்டுரை எழுதணுமாம். வாண்டு மண்புழுவைப் பத்தி எழுதிக்கிட்டு வந்திருந்தா. நல்லா இருந்துச்சு. ஆலோசகர் படிச்சுட்டு உதட்டைப் பிதுக்கினார். 'சோகம் வேணும்மா. இவங்க ஆயிரம் கட்டுரை படிப்பாங்க. கண்ணுல தண்ணி வந்தாத்தான் காசு வரும். வீட்டுல யாருக்காவது பெரிய நோய் நொடி? வெள்ளம், தீ விபத்து?' 'ஒண்ணும் இல்லை சார்' ன்னேன், என்னமோ நாங்க தப்பு பண்ணிட்ட மாதிரி. அவர் சோர்ந்துபோய், 'அம்மா நீங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க' ன்னார். வாண்டு, 'இவங்க என் சித்தி சார்' ன்னா. அக்கா, அந்த ஆளுக்கு முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. 'சித்தியா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?' ன்னு என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். நல்ல சரக்கு வந்து இறங்கினா கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. என் கால் தரையை அழுத்துச்சு. 'விட்டுடுங்க, நானே திருத்தி அனுப்பிடறேன்' ன்னுட்டார்.

ரெண்டு வாரம் கழிச்சு எல்லா பேப்பரையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொன்னாங்கன்னு நான்தான் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கார அம்மா ரொம்பப் படிச்சவங்க, மெஷின் சூடாகற வரைக்கும் எந்தப் பேப்பரா இருந்தாலும் படிச்சுடுவாங்க. ரெண்டாவது பக்கத்துல நின்னுட்டாங்க. 'அய்யோ பாவமே' ன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால என்னங்க போட்டிருக்குன்னு கேட்டேன். அவங்க எனக்குத் தமிழ்ல சொல்லச் சொல்ல நான் கேட்டேன். ஏழு வயசுல இந்தப் பொண்ணோட சித்தி இவளைப் பட்டினி போட்டாங்களாம். பாத்திரம் தேய்க்க வச்சாங்களாம். புத்தகத்தை அடுப்புல போட்டாங்களாம். இவ மண்ணுல குச்சியால எழுதி எழுதிப் படிச்சாளாம், அதனாலதான் மண் மேல பிரியம் வந்துச்சாம். கடைக்கார அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'அந்தப் பொம்பளை எல்லாம் நல்லா இருப்பாளாங்க?' ன்னாங்க. 'இருக்க மாட்டா' ன்னேன். வேற என்ன சொல்றது? 'இந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?' ன்னாங்க. 'கார் ஓட்டச் சொல்லித் தர்ற டீச்சர்' ன்னேன். 'கத்துக் கொடுங்கம்மா, எங்கயாவது தப்பிச்சுப் போகட்டும்' ன்னு சொல்லி, கடைசிப் பக்கத்துக்குக் காசு வாங்கலை.

நான் வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லலை அக்கா. அந்த ஆளு எழுதினது, புள்ளைக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன். அதை அப்படியே கவர்ல போட்டு பீரோவுல வச்சுட்டு, மறுநாள் பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். அன்னிக்கு அவர் ஒரு தள்ளுவண்டியை இடிச்சுட்டார். என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதிக்கலை. பதினாறு வருஷத்துல அதுதான் முதல் தடவை.

அந்தக் கட்டுரைக்கு உதவித்தொகை கிடைச்சுடுச்சு. முழுசா. கடிதத்தை என் வீட்டுக்காரர் புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு உரக்கப் படிச்சார். உங்கள் இல்லத்தில் நீங்கள் அனுபவித்த கொடுமைகளை எதிர்கொண்ட துணிச்சல் எங்களை நெகிழச் செய்ததுன்னு இருந்துச்சு. நிறுத்திட்டு, 'நம்ம வீட்டுல என்ன கொடுமை?' ன்னு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். 'பார்ப்போம்' ன்னு மடிச்சு வச்சுட்டு எழுந்து போயிட்டார்.

வாண்டு சமையல்கட்டுக்கு வந்தா. 'சித்தி, அந்தக் கட்டுரையை நீங்க படிச்சீங்களா?'

'ஜெராக்ஸ் எடுக்கறப்போ தெரிஞ்சது.'

'நானும் படிச்சேன் சித்தி. அனுப்பறதுக்கு முன்னாடியே அவர் காட்டினார். படிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னேன்.'

நான் குழாயைத் திறந்துவிட்டுட்டு வெறுமனே நின்னேன். அவ தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன். நம்பறதுக்குத் தயாரா நின்னுட்டிருந்தேன். 'இடம் கிடைச்சிருச்சுல்ல, போயிட்டு வா. எவனோ எங்கயோ படிக்கறதுல எனக்கென்ன தேய்ஞ்சா போச்சு' ன்னேன். அவ போயிட்டா.

மறுநாள் காலையில அந்தக் கல்லூரிக்கு இவளே எழுதிட்டா. கட்டுரையில உள்ளது உண்மையில்லை, என் சித்தி அப்படி இல்லை, உதவித்தொகையை நான் வாங்கிக்க முடியாதுன்னு. அவங்களும் அவளோட நேர்மையைப் பாராட்டி நாலு வரி எழுதி, அஞ்சாவது வரியில இடத்தை ரத்து பண்ணிட்டாங்க. எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! பதினோரு வருஷத்துல அவளை நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை அக்கா. திட்டினா சித்தின்னு ஆயிடுமோன்னு பயந்து பயந்தே வளர்த்தேன். அன்னிக்கு வாயில வந்ததெல்லாம் கத்தினேன். 'உன்னை யாருடி எனக்கு நல்ல பேரு வாங்கித் தரச் சொன்னது? நல்ல பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?' ன்னு கத்தினேன். மொழிச் சீட்டையெல்லாம் மேசையிலேருந்து, கதவிலேருந்து கிழிச்சுப் போட்டேன். அந்தக் கட்டுரை அன்னிக்கு ஒரு நாள் உண்மையா இருந்துச்சு. அவ அந்தக் கிழிஞ்ச சீட்டையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போனா.

அதனாலதான் உங்களுக்கு எழுதறேன். உங்க வீட்டுல அவளுக்கு ஒரு அறை கொடுங்க அக்கா. நாலு வருஷம். அவ ரத்தம் உங்க ரத்தம், உங்களுக்கு இல்லாத உரிமை எனக்கில்லை. உங்க தங்கச்சி போனப்பவே அவளை அழைச்சுட்டுப் போறேன்னு நீங்க கேட்டதா இவர் ஒரு தடவை சொல்லியிருக்கார், கொடுத்திருக்கணும், குறுக்கே நான் வந்துட்டேன். இப்ப அனுப்பறேன். அவளைப் பத்திச் சில விஷயம் மட்டும் சொல்லிடறேன். ஒண்ணுமில்லைன்னு ஒரு தடவை சொன்னா ஒண்ணுமில்லை, ரெண்டு தடவை சொன்னா காய்ச்சல்னு அர்த்தம், தொட்டுப் பாருங்க. பரீட்சைக்கு முந்தின நாள் சாப்பிட மாட்டா, திட்டாதீங்க, தட்டைப் பக்கத்துல வச்சுட்டு நகர்ந்துடுங்க, பத்து நிமிஷத்துல காலியாயிடும். ஜன்னல்ல டப்பா டப்பாவா மண்ணு வச்சிருப்பா, குப்பைன்னு கொட்டிடாதீங்க. நான் ஒரு தடவை கொட்டிட்டு, மூணு நாள் ஊரெல்லாம் அதே நிறத்துல மண்ணு தேடினேன். எனக்குன்னு கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வாரத்துக்கு ஒரு நாள் போன்ல அவ குரலைக் கேட்க விடுங்க. நான் அதிகம் பேச மாட்டேன்.

உங்களை வாழ்த்தற வயசு எனக்கில்லை, உங்க வாழ்த்தைக் கேக்கற தைரியமும் இல்லை. வீட்டுல பெரியவங்களுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு அவங்களுக்குத் தெரியாத ஒருத்தியோட அன்பையும் சொல்லுங்க.

இப்படிக்கு,
வாண்டுவோட சித்தி

பின்குறிப்பு: அக்கா, மேலே கேட்டதை எல்லாம் விட்டுடுங்க. அறை வேண்டாம்.

இதை ஒட்டி வச்சுட்டு, மேல் விலாசத்துக்காக வாண்டுகிட்ட டைரியைக் கேட்டேன். யாருக்குன்னா. சொன்னேன். அப்படியே உட்கார்ந்துட்டா. அவ பிறந்தநாளுக்கு நீங்க போன் பண்ணினப்போ நடந்ததை அப்புறம்தான் சொன்னா. அவளைக் கூப்பிட்டீங்களாம். உனக்குன்னு மாடியில ஒரு அறையே இருக்குன்னு சொன்னீங்களாம். ஆனா வந்துட்டா இதுதான் உன் வீடு, அப்பாகிட்ட மட்டும் பேசிக்கோ, அந்தப் பொம்பளையோட ஒட்டும் வேணாம் உறவும் வேணாம்னு சொன்னீங்களாம். யோசிச்சுச் சொல்றேன் பெரியம்மான்னு சொல்லிட்டு வச்சவ, எங்ககிட்ட குளிர் ஒத்துக்காதுன்னுட்டா.

'அப்போ அந்தக் கட்டுரைக்கு மட்டும் எப்படிடி சரின்னு சொன்னே?' ன்னு கேட்டேன். 'அது பொய்தானே சித்தி. உங்களுக்குத் தெரியாமலே போயிடும்னு நினைச்சேன். நான் உங்ககூடப் பேசலைன்னா தெரிஞ்சிடுமே' ன்னா. உங்க மேலயும் எனக்குக் கோபம் இல்லை. தங்கச்சியைப் பறிகொடுத்தவங்க எங்கயாவது அதைக் கொட்டித்தான் ஆகணும், நான் பக்கத்துல இருந்தேன்.

அப்புறம் இந்தக் கவர் நாலஞ்சு மாசம் பீரோவுலயே கிடந்துச்சு, இப்பதான் பிரிச்சு இதை எழுதறேன். அதுக்குள்ள அவ மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிட்டா. ஃபீஸ் இல்லாத அந்த நாட்டுல இடமும் ஹாஸ்டலும் கிடைச்சிடுச்சு. அங்க நமக்கு ஒருத்தரையும் தெரியாது. அடுத்த மாசம் பதினாலாம் தேதி கிளம்பறா. உங்க ஊர்லதான் விமானம் மாறணும், ஒன்பது மணி நேரம் இடைவெளி. அவளே மெனக்கெட்டு, வெளியில வந்து போக அனுமதிச் சீட்டு எழுதிப் போட்டு வாங்கியிருக்கா. எதுக்குன்னு கேட்டதுக்கு, சும்மா ஊரைச் சுத்திப் பார்க்கன்னா. உங்க ஊர்ல சிமெண்ட் ஆலையைத் தவிரப் பார்க்க ஒண்ணும் இல்லைன்னு இவர் சொல்றார்.

மறுநாள் காலையில ஏழு பத்துக்கு இறங்குவா. நான் இதை அனுப்பினது அவளுக்குத் தெரிய வேண்டாம், கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்னு சொல்லியிருக்கேன். நீங்க தற்செயலா வந்த மாதிரியே இருக்கட்டும், அவ நம்பற மாதிரி நடிச்சுக்குவா. என்னைப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம், அவளும் பேச மாட்டா. ஸ்வெட்டர் கொண்டு போங்க, பெட்டியில போட்டதைக் கையில எடுத்துக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறா.

பேர் எழுதின அட்டையெல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதில்லை. கல்யாண வீடியோவுல உங்க தங்கச்சி மேடைக்கு நடந்து வருவாங்களே, இடது தோளைக் கொஞ்சம் முன்னால விட்டு, அப்படியே வருவா. கொஞ்சம் தயாரா இருங்க அக்கா. எனக்குப் போன வருஷம் முதல் தடவை அது தெரிஞ்சப்போ, வண்டியை ஓரமா நிறுத்தற மாதிரி ஆயிடுச்சு.